ஏற்காட்டில் தனியாகக் குடியேற வருகிறவர்களுக்கு: தாள், தண்ணீர், தடம், அப்புறம் தோட்டம்

நான் மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவள். முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு, ஓய்வு பெற்ற பிறகு தாத்தா விட்டுப் போன சேலம் பக்கமே திரும்பி வந்தேன். ஏற்காட்டில் ஒரு சின்ன ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறேன். இது ஐந்தாவது வருடம். முதல் வருடம் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். வந்த வாரமே செடி வைத்தேன். அப்புறம் தண்ணீர் தேடினேன். அதற்கும் அப்புறம் அரசாங்கத் தாள்களுக்கு அலைந்தேன். பக்கத்து வீட்டாரிடம் உட்கார்ந்து பேசியது கடைசியில். அதனால் பணமும் போனது, மனசும் நொந்தது.

வெளிநாட்டு பாஸ்போர்ட்டோடு இங்கே தனியாக வாழ வருகிறவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி வருகிறார்கள். பெரும்பாலும் என் வயதுக்காரர்கள், பெண்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. முதல் மாதம் மலையில் வேண்டாம், சேலத்தில் தங்குங்கள்

சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரத்தில் தொடங்கி 20 கொண்டை ஊசி வளைவுகள். கேட்க அருகில் இருப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஒரு கையெழுத்துக்கு இறங்கி ஏறினால் அன்றைய நாள் முடிந்தது. வங்கி, ஆடிட்டர், காவல்துறையின் பெரிய அலுவலகங்கள், நல்ல ஜெராக்ஸ் கடை எல்லாம் கீழேதான். அதனால் முதல் மாதத்துக்கு அஸ்தம்பட்டி, கோரிமேடு, கன்னங்குறிச்சி பக்கம் ஓர் அறை எடுங்கள். மலைப்பாதை அந்தப் பக்கமாகத்தான் போகிறது. வீடு பார்க்கக் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடலாம். பஸ் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கிடைக்கும்.

மே மாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். கோடை விழாவும் மலர்க்கண்காட்சியும் நடக்கும் நாட்களில் மலை முழுக்கக் கூட்டம். அறை வாடகை ஏறிக் கிடக்கும். யாருக்கும் உங்களிடம் நின்று பேச நேரம் இருக்காது. வண்டி நெரிசலுக்காக, ஏறுவது ஒரு வழி, குப்பனூர் பக்கம் இறங்குவது இன்னொரு வழி என்று மாற்றிவிடுவதும் உண்டு.

2. தாள்களை முடித்துவிடுங்கள்

உங்கள் நிலைமை இரண்டில் ஒன்றாக இருக்கும்.

விசாவில் வந்தவர் என்றால், விசாவின் காலம் 180 நாளுக்கு மேல் இருந்தால், வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். இணையத்திலேயே செய்யலாம். இந்த 14 நாளை யாரும் நினைவுபடுத்த மாட்டார்கள். விமானச் சீட்டின் பின்னாலேயே தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுலா விசாவில் வந்துவிட்டு, இங்கே வீடெடுத்துக் குடியிருக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

என்னைப் போல ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியில் வந்த வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்திய அரசு கொடுப்பது) இருந்தால் அந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் அட்டை கிடைத்ததோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது. முகவரி மாறினால் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். 50 வயது முடிந்த பிறகு முதல் முறை புதிய பாஸ்போர்ட் எடுத்தால் மூன்று மாதத்துக்குள் அதன் நகலை ஓ.சி.ஐ. தளத்தில் ஏற்ற வேண்டும். நான் இதைத் தெரியாமல் விட்டு, விமான நிலையத்தில் நடு இரவில் ஒரு மணி நேரம் நின்றேன். அட்டையில் ஒரு பாஸ்போர்ட் எண், கையில் வேறு எண். பழைய பாஸ்போர்ட்டை பெட்டியில் போட்டு வைத்திருந்ததால் தப்பித்தேன். பழையதையும் சேர்த்தே எடுத்து வாருங்கள்.

அடுத்தது, உங்களைத் தங்க வைப்பவர் செய்ய வேண்டியது. லாட்ஜ் ஆனாலும் சொந்த வீட்டை வாடகைக்கு விடுபவர் ஆனாலும், வெளிநாட்டு பாஸ்போர்ட் உள்ளவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் தெரிவிக்க வேண்டும். பழைய வழக்கத்தில் இதை 'சி படிவம்' என்பார்கள். லாட்ஜ்காரர்களுக்கு இது தெரியும். வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் தெரியாது. 'நீங்க தமிழ்தானேங்க, உங்களுக்கு எதுக்கு இதெல்லாம்' என்பார். அன்பாகத்தான் சொல்வார். ஆனாலும் விடாதீர்கள். அவரோடு உட்கார்ந்து, அவர் பெயரில் தளத்தில் பதிந்து, ஒப்புகையை அச்சடித்து ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் வீட்டுக்காரர் இதைச் செய்யவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு விசாரணை வந்தபோது அவர் பயந்துபோய் என்னைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். வீட்டை இழந்ததற்கு அந்த ஒரு தாள்தான் காரணம்.

ஆதார் வேண்டும் என்றால், விண்ணப்பிக்கும் முன் உள்ள 12 மாதத்தில் 182 நாளாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். ஓ.சி.ஐ. அட்டைக்காரருக்கு அது 10 வருடத்துக்குச் செல்லும். அதுவரை எங்கே போனாலும் பாஸ்போர்ட்டும் ஓ.சி.ஐ. அட்டையும்தான் உங்கள் அடையாளம். ஏற்றுக்கொள்ளும் ஆவணப் பட்டியலைப் போகும் முன்பே பார்த்துவிடுங்கள். முகவரிச் சான்றுக்கு எனக்குக் கை கொடுத்தது, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த வாடகைப் பத்திரம்.

182 நாள் என்பது வருமான வரிக்கும் ஓர் எல்லை. ஏப்ரல் முதல் மார்ச் வரையான கணக்கு வருடத்தில் அவ்வளவு நாள் இங்கே இருந்தால், வரிக் கணக்கில் நீங்கள் இந்தியாவில் வசிப்பவர் ஆகிவிடுவீர்கள். ஓய்வூதியம் வெளிநாட்டிலிருந்து வருகிறது என்றால் அதை ஏற்கனவே கையாண்ட ஆடிட்டரிடம் ஒரு முறை பணம் கொடுத்துப் பேசிவிடுங்கள். வங்கிக் கணக்கு திறக்கும்போதும் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கு என்று எழுதிவிட்டுப் பிறகு மாற்றுவது பெரும் அலைச்சல்.

நிலம் வாங்கும் ஆசை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஓ.சி.ஐ. அட்டைக்காரர் வீடு வாங்கலாம். விவசாய நிலம், தோட்டப்பயிர் நிலம், பண்ணை வீடு வாங்கக் கூடாது. ஏற்காட்டில் உங்களுக்குக் காட்டப்படும் அழகான இடங்களில் பெரும்பாலானவை காபித் தோட்டங்கள்தான். 'ஒரு ஏக்கர்தானுங்க, பத்திரம் பண்ணிடலாம், ஒண்ணும் ஆகாது' என்று தரகர் சொல்வார். பத்திரம் ஆகலாம், ஆபத்து உங்களுக்குத்தான். சொந்தக்காரர் பெயரில் வாங்கி வைப்பது அதைவிட மோசம். பிறருக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு மலைவாழ் மக்களுக்கு அரசு கொடுத்த பட்டா நிலங்களும் கைமாறுகின்றன. அந்தப் பக்கமே போகாதீர்கள். அந்த நிலம் அவர்களுடையது. வாடகைக்கு இருங்கள். தோட்டம் போட வாடகை வீடு போதும்.

3. வீட்டை இரண்டு முறை பாருங்கள், அதில் ஒன்று கோடையில்

நான் வீடு பார்த்தது அக்டோபரில். குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. கிணற்றில் கை விட்டுத் தொடும் ஆழத்தில் நீர். 'வருஷம் பூராத் தண்ணி' என்றார்கள். மார்ச் இரண்டாம் வாரம் குழாயில் காற்று வந்தது. ஏப்ரல் முழுக்க டிராக்டர் டேங்கரில் தண்ணீர் வாங்கினேன். ஒரு நடைக்கு 1,200 ரூபாய். செடிக்கு ஊற்ற மனம் வராது, ஊற்றாமலும் இருக்க முடியாது.

அதனால் தண்ணீரைப் பார்க்க மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ போங்கள். வீட்டுக்காரரிடம் மட்டும் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் 'போன பங்குனியில் எங்கே தண்ணி பிடிச்சீங்க?' என்று கேளுங்கள். கைநீட்டிக் காட்டுவார்கள். அந்த இடம்வரை நடந்து பாருங்கள். குடத்தோடு நீங்கள் நடக்கப்போகும் தூரம் அதுதான்.

ஈரத்தைப் பார்க்க மழைக்காலத்தில், அக்டோபர், நவம்பரில் போங்கள். அலமாரிக்குள் கையை விட்டு முகர்ந்தாலே தெரிந்துவிடும். கிழக்கே மரம் சூழ்ந்து, காலை வெயில் படாத வீடு என்றால் துணி காயாது, புத்தகம் பூசணம் பூக்கும், மிளகாய்த் தூள் கட்டியாகும். கிழக்கே திறந்த வீடு கிடைத்தால் வாடகை ஆயிரம் ரூபாய் கூட இருந்தாலும் எடுங்கள். உங்களுக்கும் நாற்றுக்கும் அந்தக் காலை வெயில்தான் உயிர்.

இரண்டு முறை பார்க்க முடியாதவர்கள் கோடையைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்துக்கு வழி செய்துகொள்ளலாம். தண்ணீருக்கு முடியாது.

4. ஒப்பந்தம் எழுதும்போது

இங்கே 11 மாத ஒப்பந்தம்தான் வழக்கம். ஓராண்டுக்கு மேற்பட்டால் பதிவு கட்டாயம் என்பதால் அப்படி எழுதுகிறார்கள். நீங்கள் கூடுதல் செலவை ஏற்றுக்கொண்டு இரண்டு வருடத்துக்கு எழுதிப் பதிந்துகொள்ளுங்கள் என்பதே என் யோசனை. தோட்டம் போடுகிறவருக்கு 11 மாதம் போதாது. மிளகுக் கொடி காய்க்கவே இரண்டு மூன்று வருடம் ஆகும்.

பத்திரத்தில் இவை இருக்க வேண்டும்: தண்ணீர் எங்கிருந்து, எந்தக் கிணற்றில் உங்களுக்கு உரிமை, மின்சாரம் தனி மீட்டரா, தோட்டத்தின் நான்கு எல்லை, ஏற்கனவே நிற்கும் காபி, மிளகு, பலா, ஆரஞ்சு மரங்களின் விளைச்சல் யாருக்கு, நீங்கள் வைக்கும் செடிகளைப் போகும்போது எடுத்துக்கொள்ளலாமா. விளைச்சல் பற்றி வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். மிளகு விலை ஏறிய வருடத்தில் நல்ல உறவுகூடக் கசந்துபோனதைக் கண்ணால் பார்த்தேன்.

மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. வீட்டு இணைப்பில் முதல் 100 யூனிட் இலவசம். தனியாக இருப்பவருக்கு அதில் பெரும்பகுதி அடங்கிவிடும். ஆகவே 'கரண்டுக்கு மாசம் ஆயிரம் தனியா' என்று மொத்தமாகப் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

எரிவாயு இணைப்புக்குத் தாள்கள் சேரும்வரை, 5 கிலோ சின்ன சிலிண்டர் வாங்கலாம். அடையாள அட்டை ஒன்று போதும்.

என் கணக்கைச் சொல்கிறேன், ஓர் அளவுக்கு உதவும். வாடகை 9,000, முன்பணம் 50,000. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றும் குழாய் வேலையும் சேர்த்து 11,000. தோட்டத்தைச் சுத்தம் செய்ய இரண்டு ஆள், நான்கு நாள், ஆளுக்கு 600 வீதம் 4,800. மக்கிய எரு ஒரு லோடு 4,000. பத்திரம், பதிவு, எழுத்துக்கூலி தனி. முதல் மூன்று மாதத்துக்கு வாடகையும் முன்பணமும் போக 40,000 ரூபாயாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

5. செடி வைக்கும் முன் தடம் எது என்று கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

வீட்டின் பின்பக்கம், கிணற்றுக்கும் காபிக் காட்டுக்கும் நடுவே, ஒரு கோடு போல மண் இறுகிக் கிடந்தது. புல் முளைக்காத இடம். வேலி ஓரமாக அழகாக இருக்கும் என்று அந்தக் கோட்டின் மேலேயே பன்னிரண்டு ரோஜா வைத்தேன், மூங்கில் குச்சி நட்டுக் கயிறும் கட்டினேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன். காலையில் எதிரே வந்து சிரிக்கிற பெண்கள் யாரும் வருவதில்லை. மேலே ரோட்டைச் சுற்றி, விறகுக் கட்டும் குடமும் தலையில் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

கீழ் வீட்டுப் பாட்டிதான் ஒரு நாள் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு, செடியைப் பார்த்தபடியே சொன்னார்: "பூ நல்லா வந்திருக்குதுங்க டீச்சரம்மா. ஆனா அது எங்க தடமுங்க. தண்ணிக்கும் அதுலதான் போறது. சாவு எடுத்துட்டுப் போறதும் அதுலதான்."

அன்று மாலையே பன்னிரண்டு செடியையும் பெயர்த்தேன். ஏழு பிழைத்தன. மறுநாள் காலை பாட்டியின் பேத்திதான் முதலில் அந்த வழியாக நடந்து வந்தாள். பிறகு ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பிழைக்காத செடிகளுக்குப் பதிலாகத் தன் வீட்டுக் குச்சிகள் ஐந்து கொண்டு வந்து தந்தாள்.

பத்திரத்தில் எல்லை மட்டும்தான் இருக்கும், தடம் இருக்காது. ஆகவே குடி வந்த முதல் வாரம், மண்வெட்டியைத் தொடும் முன், அக்கம்பக்கத்தில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு உங்கள் இடத்தைச் சுற்றி நடங்கள். இவற்றைக் கேளுங்கள்: நடக்கிற வழி எது, மழைத்தண்ணீர் இறங்கும் வழி எது, மாடு ஆடு போகும் வழி எது, சாமி கும்பிடும் கல்லோ மரமோ ஏதாவது இருக்கிறதா. ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையில் ஒரு மரத்தடியில் வெறும் கல் போலத் தெரிவது ஒரு குடும்பத்தின் குலதெய்வமாக இருக்கும். கல்லை நகர்த்திப் பாத்தி கட்டிவிட்டு மன்னிப்புக் கேட்பது பெரிய துயரம்.

6. அக்கம்பக்கம்

இங்கே பூர்வீகமாக இருப்பவர்கள் மலையாளி எனப்படும் மலைவாழ் மக்கள். பெயரைக் கேட்டு கேரளம் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள் பேசுவது தமிழ். தோட்டங்களில் வேலைக்கு வந்து தங்கியவர்களும், பள்ளிகளை ஒட்டிக் குடியேறியவர்களும் இருக்கிறார்கள். சனி ஞாயிறில் மட்டும் வந்து போகும் வெளியூர்க்காரர்களும் உண்டு. நீங்கள் அந்தக் கடைசி வகை இல்லை என்பது தெரிய ஆறு மாதம் ஆகும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

'எதுக்குத் தனியா இருக்கீங்க? பசங்க இல்லைங்களா?' என்று முதல் நாளே கேட்பார்கள். முகம் சுளிக்காதீர்கள். சுருக்கமாக, உண்மையாகப் பதில் சொல்லிவிடுங்கள். மழுப்பினால் அவர்களே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். நான் 'கல்யாணம் பண்ணிக்கலைங்க, அண்ணன் பிள்ளைங்க ஈப்போவில் இருக்காங்க' என்றேன். அதோடு முடிந்தது.

கோயில் பண்டிகைக்கு வரி வசூல் வரும். குடித்தனத்துக்கு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். அதையே கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவள் என்று நான் முதல் வருடம் ஐந்து மடங்கு கொடுத்தேன். அடுத்த வருடம் எல்லாரும் அதையே எதிர்பார்த்தார்கள், சிலருக்கு அது சங்கடமாகவும் இருந்தது. எல்லாரையும் போலக் கொடுத்துவிட்டு, அன்றைக்குப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்தால் போதும்.

வேலைக்குக் கூப்பிடும்போது கூலியைக் கேட்டு, உள்ளூர்க் கூலியையே கொடுங்கள். காபிப் பழம் எடுக்கும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆள் கிடைக்காது. அப்போது வற்புறுத்தக் கூடாது. அவர்களுக்கு வருடத்தின் சம்பாத்தியமே அந்த நாட்களில்தான்.

கொடுக்கல் வாங்கல் தட்டில்தான் நடக்கும். ஒரு தட்டு பலாச்சுளை வந்தால் அந்தத் தட்டை வெறும் தட்டாகத் திருப்பாதீர்கள். நான்கு எலுமிச்சையோ கொஞ்சம் சர்க்கரையோ போதும்.

7. இப்போது தோட்டம்

சரி, தாள் முடிந்தது, தண்ணீர் தெரிந்தது, தடம் தெரிந்தது. இனி மண்வெட்டியை எடுக்கலாம்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே சேலத்தில் காய்க்கும் மாம்பழத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். உங்கள் ஊரில் வைத்த ஆர்க்கிட், வாழை, கறிவேப்பிலை எல்லாமே இங்கே மெதுவாகத்தான் வரும். அதற்குப் பதில் ரோஜா, டாலியா, ஹைட்ரேஞ்சியா, ஜெரேனியம் கேட்காமலே பூக்கும். காயில் பீன்ஸ், முள்ளங்கி, சௌசௌ, கீரை வகைகள், புதினா, கொத்தமல்லி. மரத்தில் கொய்யா, ஆரஞ்சு, வெண்ணெய்ப்பழம், பலா.

மண் பெரும்பாலும் புளிப்புத்தன்மை உள்ள செம்மண். ஒரு முறை மண் பரிசோதனை செய்துவிடுங்கள், செலவு மிகக் குறைவு. நான்கைந்து இடத்தில் அரையடி ஆழத்தில் மண் எடுத்து, கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ துணிப்பையில் கொண்டு போக வேண்டும். சுண்ணாம்பு போடச் சொன்னால் சொன்ன அளவு மட்டும், எருவோடு சேர்க்காமல் சில வாரம் முன்பே போடுங்கள். நாற்றுக்கும் யோசனைக்கும் ஏற்காட்டிலேயே வேளாண் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ரோட்டோர நர்சரியில் பூவைப் பார்த்து வாங்காமல் அங்கே போய்க் கேட்டு வாங்குங்கள். ரோட்டோரத்தில் வாங்கிய என் 'ஒட்டு' வெண்ணெய்ப்பழக் கன்று ஒட்டே இல்லை என்பது மூன்றாம் வருடம்தான் தெரிந்தது.

பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே போடுங்கள். மேலிருந்து கீழாகப் போட்டால் ஐப்பசி மழையில் மண் முழுதும் கீழ் வீட்டு முற்றத்துக்குப் போய்விடும், அப்புறம் ஆறாம் படியை மறுபடி தொடங்க வேண்டியதுதான். பாத்திக்குக் கீழ் ஓரத்தில் கல் அடுக்கி, மண்ணைப் பிடிக்க எலுமிச்சைப் புல் நடுங்கள். டீக்கும் ஆகும்.

பச்சைச் சாணியை நேராகப் போடாதீர்கள், வேர் வெந்துபோகும். கையில் அள்ளினால் நாற்றமில்லாமல், பொடியாக உதிர வேண்டும். அதுதான் மக்கிய எரு. டிசம்பர், ஜனவரியில் காபிப் பழத்தோல் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். அதையும் சாணியோடு அடுக்கி மூடி வைத்து, மக்கிய பிறகுதான் போட வேண்டும்.

காலம்: ஏப்ரல், மே கோடை மழை மண்ணை நனைத்ததும் பாத்தி கட்டுங்கள். ஜூன், ஜூலையில் கன்றுகளும் மிளகுக் கொடியும். சில்வர் ஓக் மரம் ஏற்கனவே நின்றால் அதன் மேலேயே மிளகை ஏற்றலாம். அக்டோபர், நவம்பரில் விதை போடாதீர்கள், அழுகிவிடும். டிசம்பரில் மூடுபனி காலையில் வெகுநேரம் நிற்கும். அந்த மாதம் நாற்றுக்கு மாலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

சௌசௌவைப் பாட்டியிடம்தான் கற்றேன். கொடியிலேயே நன்றாக முற்றிய காயை எடுத்து, சமையலறை மூலையில் சாக்கின் மேல் வைத்துவிட்டார். இரண்டு வாரத்தில் காயின் அகன்ற முனை வாய் திறந்தது போலப் பிளந்து, உள்ளேயிருந்து முளை எட்டிப் பார்த்தது. முளை ஒரு சாண் வளர்ந்ததும் முழுக்காயையும் குழியில் படுக்க வைத்து, பாதிதான் மண்ணால் மூடினார். முழுதாகப் புதைத்த என் காய் அதற்கு முந்தைய மாதம் அழுகிப்போயிருந்தது. பந்தல் வலுவாக இருக்கட்டும். ஒரு கொடி நாலு வீட்டுக்குக் காய்க்கும்.

மார்ச், ஏப்ரலில் முதல் மழை விழுந்த எட்டு, பத்தாம் நாள் காபிச் செடி பூக்கும். ஒரே இரவில் கிளை முழுக்க வெள்ளை, மல்லிகை வாசம். மூன்று நான்கு நாளில் வாடிவிடும். அந்த நாட்களில் பூச்சி மருந்து எதுவும் அடிக்காதீர்கள், தேனீக்கள் மொய்க்கும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பிழைப்பும் அதில்தான் இருக்கிறது.

மரம் வெட்டுவது தனி விஷயம். மலைப் பகுதியில் மரங்களைக் காக்க 1955 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிழல் அடிக்கிறது என்று உங்கள் இடத்து மரத்தையே ஆள் வைத்து வெட்டினாலும் அனுமதி வேண்டும். அனுமதி கேட்க வேண்டியவர் நிலத்தின் சொந்தக்காரர். கிளை கழிப்பதானாலும் அவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

8. காட்டெருமையும் குரங்கும்

காட்டெருமை இருட்டும் நேரத்திலும் விடியலிலும் வரும். பின்கதவைத் திறக்கும் முன் ஜன்னல் வழியாகப் பாருங்கள். எதிரில் பட்டால் ஓடாமல், கத்தாமல், டார்ச்சை முகத்தில் அடிக்காமல், பின்னாலேயே நகர்ந்து உள்ளே வந்துவிடுங்கள். செடி போனால் போகட்டும். அனுமதியில்லாமல் மின்வேலி போடுவது குற்றம், மனிதர்களையும் கொல்லும். முள்கம்பியை நம்புவதைவிட, பீன்ஸையும் கீரையையும் வீட்டுச் சுவரை ஒட்டி வைத்து, ஓரங்களில் எலுமிச்சைப் புல்லும் ஆடாதொடையும் வைப்பது எனக்குப் பலன் தந்தது.

குரங்குக்கு ஒரு முறைகூடச் சோறு வைக்காதீர்கள். குப்பை வாளிக்கு மூடி வேண்டும்.

9. உடம்புக்கு முடியாத நாளுக்கு ஓர் ஏற்பாடு

ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிகிச்சைக்குச் சேலம் இறங்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும். 108 எண்ணோடு, டாக்ஸி ஓட்டும் உள்ளூர்த் தம்பி ஒருவரின் எண்ணையும் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். மருந்துச் சீட்டு, ரத்த வகை, காப்பீட்டுத் தாள், பாஸ்போர்ட் நகல் எல்லாம் ஒரே பையில், வாசல் பக்கத்து ஆணியில் தொங்கட்டும். புல்லுக்குள் போகும்போது முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேராக மருத்துவமனை.

தனியாக இருப்பவருக்கு இன்னொரு ஏற்பாடு வேண்டும். நானும் கீழ் வீட்டாரும் பேசி வைத்திருப்பது இது: தினமும் ஏழு மணிக்குள் என் வாசலில் தண்ணீர் தெளித்திருக்கும். தெளிக்கவில்லை என்றால் யாராவது வந்து கதவைத் தட்ட வேண்டும். மூன்றாம் வருடம் ஆடி மாதம் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தேன். போனில் சிக்னல் இல்லை. ஏழரைக்குப் பேத்தி வந்து ஜன்னலைத் தட்டினாள். வாசல் காய்ந்து கிடந்ததைத் தண்ணீருக்குப் போகும் வழியில் பார்த்திருக்கிறாள்.

10. ஊருக்குப் போய் வரும்போது

மாதக்கணக்கில் போவதானால் மார்ச்சுக்கு முன் போய் ஜூனில் திரும்புவதைத் தவிருங்கள், தோட்டம் தாங்காது. நான் ஆகஸ்ட் கடைசியில் போய் அக்டோபர் நடுவில் திரும்புகிறேன். மழை பார்த்துக்கொள்ளும். போகும் முன் வாடகையை முன்கூட்டியே செலுத்தி, மின்கட்டணத் தேதியைப் பார்த்து, சிலிண்டரை மூடி, அரிசி பருப்பைக் கொடுத்துவிடுங்கள். திரும்பி வரும்போது பூசணம்தான் இருக்கும். வீட்டுக்காரரிடம் திரும்பும் தேதியைச் சொல்லி வையுங்கள், 24 மணி நேரக் கணக்கு மறுபடி தொடங்கும்.

சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். முற்றிய சௌசௌவில் இரண்டை மட்டும் கொடியிலேயே விடச் சொல்லுவேன், விதைக்கு. மற்றதெல்லாம் அவர்களுக்கு. பின்பக்கத் தடத்தின் படல் கதவைப் பூட்டுவதில்லை, கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போகிறேன்.